எள்ளளவு மனிதர்களின் கிணறு

டொக். டொக். கொஞ்சம் பொறுத்து, டொக்.

ஏசி இயந்திரத்தின் குழாயிலிருந்து பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் சொட்டுகிறது. சித்திரை வெயில் தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரர் புதிதாக மாட்டியிருக்கிறார். அவர் ஏசி, அவர் வாளி, அவர் சொட்டு. எனக்கு மட்டும் ஒவ்வொரு சொட்டுக்கும் ரத்தம் கொதிக்கிறது. ஸ்ரீரங்கத்துக் கொடியடியில் துணி உலர்த்திக்கொண்டு நிற்கிறவள், கையில் ஈரப் புடவையோடு, மனசால் திருச்சி சாலை ரோட்டு மாடி ஒன்றுக்குப் போய்விடுகிறேன்.

மருந்துக்கடைக்கு மேலே இருந்தது அந்த அலுவலகம். அங்கேயும் இதே சத்தம். ஏசித் தண்ணீருக்கு வைத்த வாளி என் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். நிறைந்தால் எடுத்து ஜன்னலோர மணி பிளாண்டுக்கு ஊற்றுவேன். மேசைமேல் இருந்த கம்ப்யூட்டர் திரையில் ஒரு தெருவே தாகத்தில் நின்றுகொண்டிருக்கும். என் காலடியில் யாருக்கும் வேண்டாத தண்ணீர் சொட்டுச் சொட்டாக நிறைந்துகொண்டிருக்கும்.

கவிதை எழுதுகிறவளை வீடியோ கேம் செய்கிறவர்கள் எதற்காகக் கூப்பிட வேண்டும்? எனக்கும் அதே சந்தேகம்தான். கூப்பிட்டவர் அந்தச் சின்னக் கம்பெனியின் முதலாளி. வெளிநாட்டில் சில வருஷம் இருந்துவிட்டுச் சொந்த ஊருக்கே திரும்பியவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். சுறுசுறுப்பு, சிரிப்பு, கைகுலுக்கல். முதல் நாளே சொன்னார்:

"மேடம், எங்களுக்கு ஒரு மதம் வேணும்."

ரவா தோசை வேணும் என்பதுபோலத்தான் சொன்னார்.

"எத்தனை சாமி?" என்றேன்.

"அது உங்க இஷ்டம். ஆனா ரொம்பப் போயிடாதீங்க, ஒவ்வொரு சாமிக்கும் தனியா படம் வரையணும். வரையற பையன் அழுவான்."

விளையாட்டு இதுதான். திரையில் ஓர் ஆறு. ஆற்றின் நடுவே ஒரு மேடு; மேட்டில் ஓர் ஊர்; ஊர் நடுவே ஒரு கிணறு. வானத்தில் இரண்டு நிலவு. ஆற்றில் பறக்கும் மீன். ஊரில் எள்ளளவு மனிதர்கள். அவர்களுக்கு மூளை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பசி, தாகம், பயம், பக்கத்து வீட்டுக்காரன் செய்வதைப் பார்த்துத் தானும் செய்கிற குணம், அவ்வளவுதான். நம்மைப் போலத்தான். நான் வேதம் மாதிரி ஒரு வரி எழுதுவேன். அந்த வரியைக் கம்ப்யூட்டர் நிரலில் ஒரு விதியாக்குவார்கள். அதற்குப் பிறகு யாரும் கை வைப்பதில்லை. எள்ளளவு மனிதர்கள் அந்த விதியை வைத்துக்கொண்டு தாமாகவே பிழைப்பார்கள், கட்டுவார்கள், பிள்ளை பெறுவார்கள், சாவார்கள். நாங்கள் கீழே இறங்கி டீ குடித்துவிட்டு வருவதற்குள் பல தலைமுறை போயிருக்கும்.

அந்த மனிதர்களை உண்டாக்கியவள் நிரல் எழுதும் ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். லால்குடிப் பக்கம் வீடு, கழுத்தில் சின்னச் சிலுவை. மாமியார் ஊர் மணப்பாறை என்பதால் அவள் பையில் முறுக்கு இல்லாத நாளே கிடையாது. என் வரிகளை விதியாக்கியது அவள்தான். ஒரு நாள் நான் பாட்டிலைத் தூக்கித் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னம்மா?"

"இல்ல மேடம், நீங்க தண்ணி குடிக்கிறதே குற்றாலம் மாதிரி இருக்கு. ஒரு சொட்டு உதட்டுல படல. எங்க ஊர்ல இப்படிக் குடிச்சா சட்டை நனைஞ்சிரும்."

எங்கள் வீட்டுப் பழக்கம் அது. பால் குடிக்கிற வயது தாண்டியதும் முதலில் கற்றுக்கொடுப்பது அதைத்தான். டம்ளரில் உதடு பட்டால், "சீப்பிக் குடிக்காதேடி, எச்சில்" என்று முதுகில் ஒரு தட்டு விழும். ஐம்பது வயதாகிறது, இன்னும் முதுகு ஞாபகம் வைத்திருக்கிறது. கை தானாக மேலே போகிறது, வாய் தானாகத் திறக்கிறது.

அந்த மதத்துக்கு நான் ஆசை ஆசையாக எழுதினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். வெயில், மணல், காற்று, விதைப்பு எல்லாவற்றுக்கும் வரி வந்தது. சாவுக்கு ஒன்று வேண்டும் என்றார் முதலாளி. நான் துக்கத்தை நினைத்து எழுதினேன். அப்பாவைத் தூக்கிக்கொண்டுபோய்த் திரும்பிய அண்ணா, யாரோடும் பேசாமல் ஈரத் துண்டோடு உட்கார்ந்திருந்த சாயங்காலத்தை நினைத்து எழுதினேன். "பிணம் சுமந்த தோள், இரண்டு நிலவும் சேர்ந்து எழும் வரை, கிணற்றைத் தொடாதிருக்கட்டும். அவனுக்கு மற்றவர் மொண்டு தரட்டும்." துக்கப்பட்டவனை வேலை வாங்காதீர்கள், உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள் என்று பொருள். அவளும் அப்படித்தான் புரிந்துகொண்டாள். "நல்லாருக்கு மேடம்" என்று சொல்லி விதியாக்கினாள்.

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம்.

ஊரில் ஒருவன் செத்தால் சிலர் சுமந்தார்கள். சுமந்தவர்கள் கிணற்றிலிருந்து விலகினார்கள். நிலவுகள் சேர்ந்து எழுவதற்குள் இன்னொருவன் செத்தான். இப்போது யார் சுமப்பது? ஏற்கெனவே விலகியிருக்கிறவன் தோள் இருக்கும்போது இன்னொருவன் ஏன் விலக வேண்டும்? எள்ளளவு மூளை கணக்குப் போட்டது, சரியாகவே போட்டது. அடுத்த பிணமும் அவன் தோளுக்கே போயிற்று. அதற்கடுத்ததும். அவன் துக்கம் முடியவே இல்லை. அவன் பிள்ளை அவனுக்கு ஒத்தாசைக்கு வந்தான், அவனும் விலகினான். ஆற்றின் கீழ்ப்பக்கம், சரிவில், தனியாக ஒரு தெரு முளைத்தது. அதற்கு யாரும் வரைபடம் போடவில்லை. தெருக்கோடியில் அவர்கள் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி நின்றார்கள். மேட்டிலிருந்து ஒருவன் வந்து, உயரத்தில் இருந்து, படாமல், ஊற்றினான்.

நான் திரையைப் பார்த்தேன். என் பாட்டிலைப் பார்த்தேன். மறுபடி திரையைப் பார்த்தேன்.

முதலாளி கை தட்டினார். "மேடம்! இதை நாம எழுதவே இல்ல. தானா வந்திருக்கு! இதுக்குத்தான் இத்தனை பாடு. வெள்ளிக்கிழமை பணம் போடுற ஆளுங்க வராங்க. இதைத்தான் முதல்ல காட்டப் போறேன்." திரையின் ஓரத்தில் 'ஒற்றுமை' என்று ஒரு மீட்டர் இருந்தது. சிவப்பில் ஆரம்பித்துப் பச்சையில் முடியும். அது பச்சையில் நின்றது. "பாருங்க, ஊர் எவ்வளவு அமைதியா இருக்கு. மதமே இல்லாம ஓட்டினப்ப எல்லாம் கிணத்தடியில ஒரே அடிதடி."

அன்றைக்கு ராச்சாப்பாட்டில் அண்ணாவிடம் சொன்னேன். பாங்கில் இருந்து ரிடையர் ஆனவர். விடியற்காலையில் கோயில், சாயங்காலம் பிரபந்தம் சொல்லும் கோஷ்டி, நடுவில் என்னைத் திருத்துவது என்று வாழ்கிறவர். ரசத்தைக் கையிலே நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அந்த மிஷினுக்கு ஜாதி தெரியுமோ?"

"தெரியாது."

"சாஸ்திரம்?"

"தெரியாது."

"ஒண்ணுமே தெரியாத மிஷின் தானா அந்த எடத்துக்கு வந்து சேர்ந்துதுன்னா, அதுல ஏதோ தாத்பர்யம் இருக்கோல்லியோ? நாங்க சொன்னா கட்டுப்பெட்டி. கம்ப்யூட்டர் சொன்னா சயின்ஸா? நன்னாருக்குடி உன் நியாயம்!"

ரசம் ஊற்றிய சோற்றில் கோபத்தைப் பிசைந்து சாப்பிட்டேன். அதற்குப் பதில் இப்போது வருகிறது. மிஷின் தானாக ஓர் இடத்துக்கும் வந்து சேரவில்லை. அதற்கு நாக்கு கொடுத்தது நான். தீட்டு என்று ஒன்று இருக்க முடியும், அது தண்ணீர் வழியாகப் பரவ முடியும் என்கிற நினைப்பே என் வரிக்குள் உட்கார்ந்துதான் போயிருக்கிறது. எங்கள் வீட்டுச் சமையலறையில் இருந்து போயிருக்கிறது. நாம் ஊட்டியதைத் தின்றுவிட்டு நம்மையே பார்த்து ஏப்பம் விடுகிற குழந்தையைக் காட்டி, "பார், இயற்கையே இப்படித்தான்" என்கிறவர்களை என்ன செய்வது? கிளியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிற வழக்கு அது.

மறுநாள் நான் போனபோது அவள் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். திரையில் அந்தச் சரிவுத் தெரு. முறுக்குப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது.

"எங்க ஊர்ப்பக்கம் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கு மேடம்," என்றாள், என்னைப் பார்க்காமல். "நடுவுல ஒரு சுவர் இருந்துச்சு. செத்தவங்களுக்கு நடுவுல. எங்க அப்பாவோட அப்பா சுவருக்கு இந்தப் பக்கம்தான் படுத்திருக்காரு. ஒரே பைபிள், ஒரே அப்பம், ஒரே திராட்சை ரசம். மேல போற வழியில மட்டும் சுவர்."

நான் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"எம் பொண்ணு தினமும் கேக்குறா, 'அம்மா செய்யிற கேம் எப்ப வரும்'னு. அவ ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கா. இது இப்படியே வெளிய போச்சுன்னா அவ எடுத்து விளையாடுவா. அதுல வர்ற ஜனத்துல அவளை மாதிரி யாருன்னு தேடுவா. எந்தத் தெருவுல போய் நிப்பா, சொல்லுங்க?"

அவள் முதலாளியிடம் போய்க் கேட்டாள்: அந்தத் தெருவுக்குக் கிணற்றைத் திறந்துவிட்டுவிடலாமா? ஒரே ஒரு மாற்றம்தான்.

"கையால தொறந்தா அது ஏமாத்து," என்றார் அவர். "ஜனங்க அவங்களாவே மாறணும். அதுதான் நம்ம கேமோட அழகே. மேடம் எழுதட்டும். வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த ஊரே கிணத்தைத் தொறந்துச்சுன்னா அதையே காட்டுறேன். இல்லைன்னா இருக்கிறதைக் காட்டுறேன்."

சரி என்றோம். எழுதுவது என் தொழில் அல்லவா!

ஸ்ரீரங்கத்தில் இருந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டும்போது யோசித்தேன். கீழே மணலும் நடுவே ஒரு கோடு தண்ணீரும். துணி துவைக்கிறவர்கள், மாட்டைக் குளிப்பாட்டுகிறவர்கள், கொஞ்சம் மேலே ஒருவர் கண்ணை மூடி அர்க்கியம் விடுகிறார். ஒரே கோடுதான். வரி வந்தது: "எல்லா நீரும் ஒரே நீர்." இதைவிடத் தெளிவாக யார் என்ன எழுத முடியும்? சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது. அவள் அதை வாங்கி விதியாக்கினாள். இருவரும் கீழே போய் டீ குடித்தோம். அவள் எனக்கும் சேர்த்து வாழைக்காய் பஜ்ஜி சொன்னாள்.

திரும்பி வந்தோம். ஆற்றையும் மூடியிருந்தார்கள்.

எல்லா நீரும் ஒரே நீர் என்றால், சரிவில் ஒருவன் ஆற்றைத் தொட்டால் மேட்டுக் கிணறும் தொட்டதுதானே? அதுவரை கிணறு மட்டும்தான் இல்லை என்றிருந்தது. இப்போது ஆறும் இல்லை. சரிவுத் தெருக்காரர்கள் கரைக்கு அப்பால், கோடை மணலில் நாம் தோண்டுவதைப் போலவே, ஊற்றுத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கையால். என் வரியைக் கோயில் வாசலில் கல்லில் பொறித்து அதற்கு விளக்கும் ஏற்றியிருந்தார்கள்.

அவள் சிரித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். "மேடம், உங்க வரிக்குத் தினமும் பூஜை நடக்குது மேடம்..." சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்தது சிரிப்பின் கண்ணீரை மட்டும் அல்ல.

எனக்கு வெறி வந்தது. மறுநாளே இன்னொன்று எழுதினேன். தொடாதவனைத் தொடவைக்க முடியாவிட்டால், தொடக்கூடாதவனை உயர்த்திவிடுவோம். "சுமப்பவனின் தோள் தெய்வத்தின் தோள்." இதை எப்படித் திருப்புவீர்கள் என்று பார்க்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன்.

அவர்கள் திருப்பவே இல்லை. அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். வருஷத்துக்கு ஒரு நாள், மேட்டு ஊர் மொத்தமும் மேளதாளத்தோடு சரிவுக்கு இறங்கி வந்தது. சுமக்கிறவர்களுக்கு மாலை போட்டார்கள். விழுந்து கும்பிட்டார்கள். பொன்குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து, அவர்கள் ஏந்திய கையில், உயரத்தில் இருந்து, படாமல், ஊற்றினார்கள். பிறகு ஏறிப் போய்விட்டார்கள். மறுநாள் ஒரு பிணம். தெய்வத்தின் தோள் தயாராக இருந்தது.

"திருவிழா!" என்று கத்திவிட்டார் முதலாளி. "மேடம், நீங்க ஜீனியஸ்! மாலை, பொன்குடம்... இதுக்குத் தனியா மியூசிக் போடணும். மீட்டரைப் பாருங்க, இதுவரைக்கும் இவ்வளவு பச்சை வந்ததே இல்ல."

நான் அப்போதுதான் அதைக் கேட்டேன். முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் பச்சையைப் பார்த்து யார்தான் கேள்வி கேட்கிறார்கள்?

"அந்த மீட்டர் எதை எண்ணுது?"

"ஒற்றுமையை."

"ஒற்றுமையை எப்படித் தம்பி எண்ணுவீங்க? நெல்லா, புளியா?"

அவர் அவளைப் பார்த்தார். அவள்தான் சொன்னாள். "கிணத்தடியில நடக்கிற சண்டையைத்தான் மேடம் எண்ணுது. சண்டை குறைஞ்சா பச்சை."

"கிணத்தடிக்கே வராதவங்க?"

"வராதவங்க சண்டை போட மாட்டாங்க. அதனால..." பச்சையை விரலால் காட்டினாள்.

"தாகத்தை?"

"அதை எண்ணச் சொல்லலை மேடம். யாரும்."

என் காலடி வாளியில் ஏசித் தண்ணீர் ஒரு சொட்டு விழுந்தது.

இதுதான் என் வயிற்றெரிச்சல். தெய்வம், நிலவு, பறக்கும் மீன் எல்லாம் மேல்பூச்சு. ஒரு நாகரிகத்தின் மதம் எதுவென்று தெரிய வேண்டுமானால் அதன் வேதத்தைப் பிரிக்க வேண்டாம். அது எதை எண்ணுகிறது என்று பார்த்தால் போதும். அந்த விளையாட்டுக்குள் இருந்த உண்மையான மதம் நான் எழுதியது இல்லை. எனக்கு முன்பே, திரையின் ஓரத்தில், பச்சையாக, அது உட்கார்ந்திருந்தது. சத்தம் போடாதவன் சந்தோஷமாக இருக்கிறான் என்பதுதான் அதன் ஒரே வரி. அந்த மதத்தில்தான் நான் பிறந்தேன். எங்கள் தெருவும் அந்த மதம்தான். எங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கக் கதவு வழியாகவே வேலைக்கு வந்து கொல்லைப்பக்கக் கதவு வழியாகவே போன ஓர் அம்மாள் ஒரு தடவைகூட முணுமுணுத்ததில்லை என்று எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். "அவ்வளவு நல்லவ" என்பார்கள். மீட்டர் பச்சை.

அன்று மத்தியானம் அவள் சாப்பிடப் போகவில்லை. எழுதினாள். வரி இல்லை, நிரல். கிணற்றை அவள் திறக்கவில்லை, எந்த மனிதனையும் நகர்த்தவில்லை, ஒரு விதியையும் மாற்றவில்லை. தாகத்தை எண்ண ஒரு கணக்கு மட்டும் சேர்த்தாள். யாருக்குத் தாகமோ அவர் தலைமேல் ஒரு சிவப்புப் புள்ளி. அவ்வளவே. ஓட்டினாள்.

திரையின் கீழ்ப்பாதி சிவந்தது. ஆற்றங்கரை மணல் முழுக்கக் குங்குமம் கொட்டினாற்போல. திருவிழா நாளன்று, மாலைக்கு நடுவே, பொன்குடம் சரிகிற நேரத்திலும் அந்தச் சிவப்பு மாறவில்லை. பச்சை மீட்டரையும் அதையும் சேர்த்துப் பார்க்க முடியவில்லை. கண் ஏதாவது ஒன்றைத்தான் நம்பும்.

முதலாளி பின்னால் வந்து நின்றிருந்தார்.

"இது என்ன அம்மை போட்ட மாதிரி?"

"தாகம் சார்."

"அழகா இருந்த ஸ்கிரீனை ஏம்மா இப்படிப் பண்ணி வெச்சிருக்கே? நாளைக்கு ஆளுங்க வராங்க. எடுத்துரு."

"உள்ளதைத்தான் சார் காட்டுது. இவங்களுக்குத் தாகம் எப்பவும் இருந்துச்சு. நாம பார்க்கல."

"விளையாட வர்றவன் சந்தோஷத்துக்கு வர்றாம்மா. குத்த உணர்ச்சி வாங்கிட்டுப் போறதுக்கா?"

நான் எழுந்துவிட்டேன். "தம்பி, தானா வந்துச்சு, தானா வந்துச்சுன்னு கை தட்டினீங்களே. இந்தத் தாகமும் தானா வந்ததுதான். இதுக்கும் தட்டுங்க."

"மேடம், நீங்க ஆர்ட்டிஸ்ட். உங்களுக்குக் கோவம் வரலாம். எனக்கு வரக்கூடாது. நான் ஆபீஸ் நடத்துறேன்."

"அப்ப என் வரி எல்லாத்தையும் எடுத்துருங்க. கல்லுல இருக்கிறது, கோயில்ல இருக்கிறது, எல்லாத்தையும். நான் எழுதின எதுவும் அந்த ஊர்ல இருக்கக் கூடாது."

அவர் கோபப்படவில்லை. அதுதான் கொடுமை. சிரித்துக்கொண்டே சொன்னார்: "எடுத்துடலாம் மேடம். ஆனா ஜனங்க பழகிட்டாங்க. வரியை எடுத்தாலும் பழக்கம் இருக்கும். வேணும்னா பாருங்களேன்." என் கண் முன்னாலேயே அவர் விசையைத் தட்டினார். கோயில் வாசல் கல் வெறுமையானது. நிலவு, தோள், நீர், ஒரு சொல் மிச்சமில்லை. மேட்டிலிருந்து ஒருவன் குடத்தோடு இறங்கி வந்தான். உயரத்தில் இருந்து ஊற்றினான்.

என் வாழ்நாளில் எழுதியது எதுவும் இவ்வளவு காலம் நின்றதில்லை. அழித்த பிறகும்.

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "நீ அந்த சிவப்பை எடுத்துரும்மா. முடிஞ்சுது."

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை. "நான் எடுக்க மாட்டேன் சார். என் கையால போட்ட புள்ளியில அதுதான் உருப்படியானது. நீங்க எடுத்துக்குங்க. ஆனா அதுல என் பேர் வர வேணாம். நான் நாளையில இருந்து வரல."

"ஒரு புள்ளிக்காகவா?"

"புள்ளி எனக்குச் சின்னதாத் தெரியல சார்."

அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். பிரிக்காத முறுக்குப் பொட்டலத்தை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். நான் வாளியைத் தூக்கி, கடைசித் தடவையாக, மணி பிளாண்டுக்கு ஊற்றினேன். படியிறங்கினோம். மேலே அவர் விசைப்பலகையைத் தட்டுவது கேட்டது. சிவப்பு போய்க்கொண்டிருந்தது என்று நினைத்துக்கொண்டேன். அந்த வெள்ளிக்கிழமை வந்தவர்கள் திருவிழாவைப் பார்த்துக் கை தட்டினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஆட்டோ பிடித்துச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். பூக்கடை, பழவண்டி, ஹாரன், வியர்வை. மூன்று மணி வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. முதலாளியைத் திட்டினேன், அண்ணாவைத் திட்டினேன், தமிழைத் திட்டினேன். என்ன எழுதினாலும் அதைக் கல்லில் பொறித்துவிட்டுப் பழையபடியே நடக்கத் தெரிந்த அத்தனை பேரையும் திட்டினேன். அவள் கேட்டுக்கொண்டே நடந்தாள்.

"பொண்ணுகிட்ட என்ன சொல்லப் போற?" என்றேன்.

"அம்மா செஞ்ச ஊர்ல தண்ணி வரல, அதனால அம்மா வெளிய வந்துட்டேன்னு சொல்வேன். அவ சும்மா விட மாட்டா. 'நீ ஏன் குழாய் போடல'ம்பா." சிரித்தாள். "வீட்ல பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு கிடக்கு மேடம். முதல்லேர்ந்து ஒரு ஊர் செஞ்சு பாக்கலாம்னு இருக்கேன். முதல் நாளே தாகத்தை எண்ணுற ஊரா."

"மதம்?"

"அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல குழாய்."

லால்குடி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பலகையைத் தட்டி, "லால்குடி லால்குடி, ஏறுங்க ஏறுங்க, உள்ள இடம் கிடக்கு" என்று கூவினார். இடம் கிடக்கவில்லை, ஆனாலும் அவளுக்கு ஜன்னலோரம் கிடைத்துவிட்டது. நான் வெளியே நின்றேன். திட்டித் திட்டித் தொண்டை காய்ந்து இருமல் வந்தது. என் பாட்டிலை அந்த மாடியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அவள் ஜன்னல் கம்பி வழியாகத் தன் பாட்டிலை நீட்டினாள். பாதிதான் இருந்தது. வாங்கினேன். திறந்தேன். கை தானாக மேலே போயிற்று, முகம் தானாக அண்ணாந்தது, வாய் திறந்தது. பாட்டில் தலைக்கு மேலே, உயரத்தில்.

அப்படியே நின்றுவிட்டேன். அவளும் பார்த்தாள். இருவரும் ஒரே குடத்தைத்தான் பார்த்தோம் என்று நினைக்கிறேன்.

பஸ் உறுமியது. மெல்ல நகர ஆரம்பித்தது. நானும் பாட்டிலோடு கூடவே நடந்தேன். அவள் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, அந்தச் சத்தத்துக்கு மேலே சொன்னாள்:

"வாய் வெச்சே குடிங்க மேடம், சீக்கிரம். மிச்சத்தை நான் குடிக்கணும்ல?"